கண்டம் என்றால் துண்டு. வெட்டியது யார்?

பிழைதிருத்தி:
வணக்கம் நண்பர்களே. சிறுவர்களுக்கான அட்லஸ் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். இப்போது கண்டப்பிழை ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

ஐரோப்பா பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி: ‘ஐரோப்பாவின் மிக உயரமான சிகரம் எல்ப்ருஸ், 5,642 மீட்டர்.’ நல்லது. அடுத்த பக்கம் ஆசியா. அங்கே கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே ஆசியாவின் மஞ்சள் நிறம் காக்கசஸ் மலைகளை விழுங்கிக்கொண்டு வடக்கே போகிறது. எல்ப்ருஸின் முக்கோணக் குறி அந்த மஞ்சளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் மலை கண்டம் மாறிவிடுகிறது! இரண்டு பக்கங்களையும் இரண்டு வெவ்வேறு மூலங்களைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓவியர் கேட்பது ஒரே கேள்வி. “கோடு எங்கே? சொன்னீர்கள் என்றால் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.”

இரண்டு நாளாகத் தேடுகிறேன், சொல்ல முடியவில்லை. நாட்டு எல்லை என்றால் ஒப்பந்தம் இருக்கும். தகராறு இருந்தாலும் யாருக்கும் யாருக்கும் தகராறு என்றாவது தெரியும். கண்டத்துக்கு எல்லை போட்டது யார்?

சும்மாவந்தவன்:
மொத்தம் ஏழு கண்டங்கள். மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தாயிற்று. இதில் என்ன விவாதம்?

நான்காம்திசை:
அந்த மூன்றாம் வகுப்பு எந்த நாட்டில் என்பதைப் பொறுத்தது, தம்பி. நான் ஸ்பானிய மொழி சொல்லித்தருகிறவள். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் பள்ளியில் அமெரிக்கா என்பது ஒரே கண்டம். வடக்கு, தெற்கு என்பதெல்லாம் அதன் பகுதிகள். ஆங்கிலவழிப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு ஏழு. ஒலிம்பிக் கொடியைப் பாருங்கள். 1913இல் பியர் டி கூபெர்தேன் வரைந்த அந்த ஐந்து வளையங்களும் ஐந்து கண்டங்கள் ஒன்றுகூடுவதைக் குறிக்கின்றன. அமெரிக்காவுக்கு ஒரே வளையம். அன்டார்க்டிகாவுக்கு வளையமே கிடையாது, அங்கிருந்து ஓடவோ நீந்தவோ யாரும் வரப்போவதில்லை.

ரஷ்ய மொழியில் இன்னும் சுவாரசியம். அவர்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ‘மத்தெரிக்’ என்றால் கடலால் சூழப்பட்ட பெருநிலம். அந்தக் கணக்கில் யுரேசியா ஒன்று, வட அமெரிக்கா ஒன்று, தென் அமெரிக்கா ஒன்று. ‘சாஸ்த் ஸ்வேத்தா’ என்றால் உலகின் பகுதி. அந்தக் கணக்கில் ஐரோப்பா தனி, ஆசியா தனி, ஆனால் அமெரிக்கா ஒன்றே ஒன்று. நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடுகிறோம். எனக்கென்னவோ பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

சொல்வேட்டை:
அருமையான தகவல், அக்கா. அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘தொடர்ந்து கிடக்கும் நிலம்’ என்பது. இடையில் அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. நம்முடைய ‘கண்டம்’ நேர் எதிர். வடமொழிக் ‘கண்ட’த்திலிருந்து வந்தது, துண்டு என்று பொருள். கண்டதுண்டமாக வெட்டினான் என்கிறோமே, அந்தக் கண்டம்.

ஆக அவர்களுடைய சொல் ஒட்டுவதைச் சொல்கிறது, நம்முடையது வெட்டுவதைச் சொல்கிறது. ‘ஒட்டிக்கிடக்கும் நிலம்’ என்ற இலக்கணப்படி ஐரோப்பா ஒருநாளும் தேறாது. ‘வெட்டிய துண்டு’ என்றால் தாராளமாகத் தேறும். நம் சொல்தான் நேர்மையானது. அடுத்த கேள்வி, கத்தி யார் கையில் இருந்தது என்பதுதான்.

பழங்கணக்கு:
கத்தி முதலில் கிரேக்க மாலுமிகள் கையில் இருந்தது. ஏஜியன் கடலில் நின்று பார்த்தால் மேற்கே ஒரு கரை, கிழக்கே ஒரு கரை. இது ஐரோப்பா, அது ஆசியா. தெற்கே இருந்தது லிபியா, அதாவது ஆப்பிரிக்கா. கடலில் போகிறவனுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம் வந்தது கரையேறி உள்ளே நடந்தபோது. இரண்டு கரைகளும் மேலே எங்கோ போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும் இடத்தில் எதை வைத்துப் பிரிப்பது? ஆறுகளைப் பிடித்தார்கள். சிலர் பாசிஸ் என்றார்கள் (இப்போது ஜார்ஜியாவில் ஓடும் ரியோனி), சிலர் தனாயிஸ் என்றார்கள் (இப்போதைய டான்). ஆப்பிரிக்காவைப் பிரிக்க நைல்.

இதை முதலில் கேலி செய்தவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், 2,400 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பூமி ஒன்றுதான், அதற்கு ஏன் மூன்று பெயர்கள், அதுவும் ஏன் பெண்களின் பெயர்கள், இந்த எல்லைகளை வகுத்தவர்கள் யார் என்று தெரியவில்லையே என்று புலம்பியிருக்கிறார். பிழைதிருத்தி கேட்ட அதே கேள்வி! நைலை எல்லை என்றால் எகிப்து நடுவே இரண்டாகிறது. டெல்டா ஆற்றின் கிளைகளுக்கு நடுவே இருப்பதால் ஆசியாவும் இல்லை, லிபியாவும் இல்லை. அப்படியானால் டெல்டாவை நான்காவது பகுதியாக எண்ணுங்கள் என்று, இந்தப் பிரிவினையைச் சொன்ன அயோனியக் கிரேக்கர்களைச் சீண்டுகிறார்.

அந்தக் கேலியை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. இடைக்கால ஐரோப்பிய வரைபடங்களைப் பாருங்கள். ஒரு வட்டம், அதற்குள் T வடிவக் கோடு, அவ்வளவுதான் உலகம். கிழக்கு மேலே இருக்கும். வட்டத்தின் மேல்பாதி முழுக்க ஆசியா. கீழே இடதுபுறம் ஐரோப்பா, வலதுபுறம் ஆப்பிரிக்கா. T-யின் குறுக்குக்கோட்டில் ஒரு கை டான், இன்னொரு கை நைல். நெடுக்குக்கோடு மத்தியதரைக் கடல். அளவுகோலை வைத்து இழுத்ததுபோல அத்தனை சுத்தம். ஆறு அப்படி நேராக ஓடுமா என்று கேட்க ஆள் இல்லை.

மட்டுறுத்துநர்:
எழுத்துருக்கள் பற்றி ஒரு நினைவூட்டல்: இங்கே தமிழ் எழுத்தில் மட்டும் எழுதவும். பழங்கணக்கு சார், அந்த ஓர் எழுத்தை ‘டி வடிவம்’ என்று எழுதியிருக்கலாம். இந்த முறை விட்டுவிடுகிறேன்.

பழங்கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன் ஐயா. டி வடிவம்.

பிழைதிருத்தி:
டான் ஆறு எல்லை என்றால் வரைபடத்தில் சிக்கல் இருக்கிறதே. அது மாஸ்கோவுக்குத் தெற்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு வடக்கே எல்லை எங்கே போனது?

பழங்கணக்கு:
சரியான இடத்தில் கை வைத்தீர்கள். டான் வடக்கே பெருங்கடல்வரை போகிறது என்ற எண்ணத்தில் பழையவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஆறு பாதியிலேயே முடிகிறது என்று தெரிந்ததும் மிச்சத்துக்கு ஆளுக்கொரு கோடு இழுத்தார்கள்.

இங்கேதான் ஒரு போர்க்கைதி கதைக்குள் வருகிறார். பிலிப் யோஹான் வான் ஸ்ட்ராலன்பெர்க், ஸ்வீடன் படை அதிகாரி. 1709இல் பொல்தாவா போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே சும்மா இருக்காமல் நிலத்தை அளந்து வரைபடம் தயாரித்தார். விடுதலையாகி ஊர் திரும்பி 1730இல் வெளியிட்ட நூலில் யூரல் மலைகளை எல்லையாக வைத்தார். அந்த யோசனையைக் கொடுத்ததே நான்தான் என்று ரஷ்யாவின் வசீலி தத்தீஷெவ் உரிமை கொண்டாடினார். தத்தீஷெவ் யூரல் பகுதிச் சுரங்கங்களையும் ஆலைகளையும் நிர்வகித்தவர்.

காலத்தைக் கவனியுங்கள். ரஷ்யாவை ஐரோப்பிய வல்லரசாக ஆக்கியே தீருவேன் என்று மகா பீட்டர் தாடிக்கு வரி போட்ட காலத்தை அடுத்து இது நடக்கிறது. டான் எல்லையாக இருந்தால் ரஷ்யாவின் பெரும்பகுதி ஆசியாவில் விழும். யூரல் எல்லை என்றால் மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க், வோல்கா எல்லாமே ஐரோப்பா. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது ஆசியக் குடியேற்ற நிலம். மேற்கு ஐரோப்பிய வல்லரசுகளுக்குக் கடல்தாண்டி நிலம் இருந்ததுபோல ரஷ்யாவுக்கு மலைதாண்டி நிலம். பொருத்தமான இடத்தில் பொருத்தமான மலை!

கல்லுடைப்பவர்:
மலை என்று ரொம்பப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். யூரலின் மிக உயர்ந்த சிகரமான நரோத்னயா 1,900 மீட்டரைக்கூடத் தொடாது. யெகாதெரின்பர்க் பக்கம் மலை தேய்ந்து மேடாகிவிடுகிறது. சைபீரிய ரயில் பாதையில் மாஸ்கோவிலிருந்து 1,777ஆவது கிலோமீட்டரில் ஒரு வெள்ளைத் தூண் நிற்கிறது. ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆசியா. அந்தத் தூண் மட்டும் இல்லையென்றால் ரயிலில் போகிறவருக்குக் கண்டம் மாறியது தெரியவே தெரியாது. இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. அதே வட்டாரத்தில் நெடுஞ்சாலை ஓரங்களிலும் இப்படித் தூண்கள் நட்டிருக்கிறார்கள்.

இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: இமயமலை 8,000 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. அதற்குத் தெற்கே இருக்கும் இந்தியா தனிப் புவித்தட்டின் மேல் இருக்கிறது. தெற்கிலிருந்து நகர்ந்துவந்து சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் ஆசியாவோடு மோதியது. அதற்குப் பட்டம் துணைக்கண்டம். ஐரோப்பாவும் சைபீரியாவும் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே மோதி ஒட்டி ஒரே தட்டாகிவிட்டன. யூரல் அந்தப் பழைய தையலின் தழும்பு. ஆனால் ஐரோப்பா முழுக் கண்டம்! பட்டியல் எழுதும் பேனா யார் கையில் இருந்ததோ அவர்கள் வீடு பெரிய வீடாகிவிட்டது. ரொம்ப நாளாக மனதில் இருந்தது, சொல்லிவிட்டேன்.

சும்மாவந்தவன்:
அப்போ தீர்வு சுலபம். பழைய கதையைத் தூக்கிப் போடுங்கள். புவித்தட்டுகளை எண்ணுங்கள். தட்டுக்கு ஒரு கண்டம்.

கல்லுடைப்பவர்:
செய்யலாம். என்ன ஆகும் என்று மட்டும் பாருங்கள். அரேபியா தனிக் கண்டம். இந்தியா தனிக் கண்டம். கிழக்கு சைபீரியாவின் ஒரு பெரும்பகுதி வட அமெரிக்கத் தட்டின் மேல் இருக்கிறது, ஆகவே அது வட அமெரிக்கா. ஐஸ்லாந்து நடுவே பிளந்து பாதி வட அமெரிக்கா, பாதி யுரேசியா. கிழக்கு ஆப்பிரிக்கா பிளவுப் பள்ளத்தாக்கு வழியே கழன்றுகொண்டிருக்கிறது, அது சோமாலியத் தட்டு. அப்புறம் பசிபிக் தட்டு, பூமியிலேயே மிகப் பெரியது, கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். அதைக் கண்டம் என்பீர்களா?

தட்டு வேறு, கண்டம் வேறு. தட்டு என்பது நகரும் பலகை. கண்டத்தின் நிலமும் கடலடியும் ஒரே பலகையில் இருக்கலாம்.

சும்மாவந்தவன்:
சரி சார், அப்போ நிலவியல்காரர்கள் எதை வைத்துத்தான் கண்டம் என்கிறீர்கள்?

கல்லுடைப்பவர்:
பூமியின் மேலோட்டை வைத்து. கையில் ஒரு துண்டு கிரானைட்டையும் ஒரு துண்டு பசால்ட்டையும் எடுத்துப் பாருங்கள். கிரானைட் வெளிறியது, உப்பும் மிளகும் தூவியதுபோல மணிமணியாகத் தெரியும். பசால்ட் கறுத்து, இறுகி, அதே அளவுக்குச் சற்றுக் கனமாக இருக்கும். கண்டங்களின் மேலோட்டில் கிரானைட் வகைப் பாறைகள் மிகுதி. இலேசானது, தடித்தது, பெரும்பாலும் 30 முதல் 45 கிலோமீட்டர். கடலடி மேலோடு பசால்ட் வகை, சுமார் 7 கிலோமீட்டர்தான். இலேசானது மிதந்து மேலே நிற்கும், கனமானது தாழ்ந்து கிடக்கும், தாழ்வில் தண்ணீர் சேரும். கண்டமும் கடலும் உண்டான கதை இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் கரையோரம் எல்லையே அல்ல. கரையைத் தாண்டி ஆழமில்லாத கண்டத்திட்டு நீருக்கடியில் தொடர்கிறது. பிரிட்டன் ஐரோப்பாவோடு ஒட்டித்தான் இருக்கிறது, நடுவே கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. நியூ கினியாவும் ஆஸ்திரேலியாவும் அப்படியே. பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு விட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தபோது இவை நடந்தே போகும் தூரம்.

ஆனால் இந்த அளவுகோலும் உங்களைக் காப்பாற்றாது. பெரிங் நீரிணை சுமார் 85 கிலோமீட்டர் அகலம், ஆழமோ 50 மீட்டர் அளவுதான். அடியில் இருப்பதும் கண்ட மேலோடே. மேலோட்டை மட்டும் பார்த்தால் ஆசியாவும் வட அமெரிக்காவும் ஒன்று. சூயஸ் கால்வாய் 1869இல் மனிதன் தோண்டியது, ஆகவே ஆப்பிரிக்காவும் கூட ஒட்டுகிறது. பனாமாவில் பூசந்தி சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மூடிக்கொண்டது, தென் அமெரிக்காவும் ஒட்டுகிறது. கடைசியில் மிஞ்சுவது ஒரு மாபெரும் கண்டம், ஆஸ்திரேலியா, அன்டார்க்டிகா.

நான்காம்திசை:
அன்டார்க்டிகாவையாவது விட்டுவைத்தீர்களே.

கல்லுடைப்பவர்:
அவசரப்படாதீர்கள், அக்கா. மேற்கு அன்டார்க்டிகாவில் பனியை அகற்றினால் அடியில் இருக்கும் பாறையில் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே. பென்ட்லி அகழியில் 2,500 மீட்டருக்கும் கீழே போகிறது. பனியை நிலமாகக் கணக்கிட்டால் ஒரே வெள்ளைக் கண்டம். கணக்கிடாவிட்டால் கிழக்கே ஒரு பெருநிலம், மேற்கே தீவுக்கூட்டம். ஆனால் மேலோடு கண்ட மேலோடுதான். எனவே என் கட்சியில் அது கண்டம், கரையைப் பார்ப்பவர் கட்சியில் சந்தேகம்.

சொல்வேட்டை:
அப்படியானால் சீலாந்தியா?

கல்லுடைப்பவர்:
அதற்காகத்தான் காத்திருந்தேன். 1995இல் புரூஸ் லூயென்டைக் வைத்த பெயர். 2017இல் நிக் மார்ட்டிமரும் சக ஆய்வாளர்களும் இதைக் கண்டமாக ஏற்கவேண்டும் என்று விரிவாக வாதிட்டார்கள். சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைவிடப் பெரியது. அதில் 94 சதவீதம் நீருக்கடியில். தலைநீட்டிக்கொண்டிருப்பவை நியூசிலாந்தும் நியூ கலிடோனியாவும். சுற்றியுள்ள கடலடியைவிட உயர்ந்து நிற்கிறதா, பலவகைப் பாறைகள் இருக்கின்றனவா, மேலோடு கடலடியைவிடத் தடிப்பா, எல்லை தெளிவாகத் தெரிகிறதா என்று நான்கு சோதனைகள் வைத்தார்கள். பரப்பளவு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் கண்டம், குறைந்தால் குறுங்கண்டம் என்பது அவர்கள் யோசனை. அந்த 10 லட்சம் ஏன் 8 லட்சமாக இல்லை என்று கேட்காதீர்கள். எங்கேயாவது வெட்டியாக வேண்டும். கிரீன்லாந்து 20 லட்சத்துக்கு மேல் இருந்தும் வட அமெரிக்க மேலோட்டோடு சேர்ந்தது என்பதால் தனிக் கண்டம் ஆகவில்லை.

சொல்வேட்டை:
94 சதவீதம் தண்ணீருக்குள். ஜாதகத்தில் எழுதியிருக்கிறது, இதற்குத் தண்ணீரில் கண்டம்.

சும்மாவந்தவன்:
சிரித்துவிட்டேன் 😄 அப்படியே லெமூரியாவையும் சேர்த்துக்கொள்ளலாமே? யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

கல்லுடைப்பவர்:
இந்த இழை பத்துப் பதிவு தாண்டியும் அது வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன். 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் இந்தியாவில் இருக்கும் அவற்றின் உறவினங்களுக்கும் தொடர்பு தேடி, இடையில் நிலம் இருந்திருக்கும் என்று ஊகித்து வைத்த பெயர் லெமூரியா. கண்டங்கள் நகரும் என்று அப்போது தெரியாது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை என்று தெரிந்த பிறகு, நடுவில் ஒரு நிலத்தை மூழ்கடிக்கும் தேவையே இல்லாமல் போயிற்று. இந்தியப் பெருங்கடலின் அடியைத் துளைத்துப் பார்த்தாயிற்று, பெருமளவு பசால்ட்தான். சீலாந்தியாவுக்கு மேலோடு இருக்கிறது, லெமூரியாவுக்குப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இதற்குமேல் வேண்டுமானால் தனி இழை திறங்கள்.

மட்டுறுத்துநர்:
திறக்க வேண்டாம். ஏற்கெனவே மூன்று பூட்டியிருக்கிறேன்.

பந்துப்பித்தன்:
நீங்களெல்லாம் கல்லைத் தட்டிக்கொண்டிருங்கள். கண்டம் எது என்று கால்பந்துச் சங்கங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டன. கஜகஸ்தான் 2002இல் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு மாறிவிட்டது. ஆஸ்திரேலியா 2006இல் ஆசியாவுக்கு வந்துவிட்டது. இஸ்ரேல் 1994 முதல் ஐரோப்பா. தென் அமெரிக்க நிலத்தில் இருக்கும் கயானாவும் சுரினாமும் வட அமெரிக்க, கரீபியச் சங்கத்தில் ஆடுகின்றன. உறுப்பினர் படிவம் நிரப்பினால் கண்டம் நகரும்!

நான்காம்திசை:
சிரிப்பாக இருந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. 1987இல் மொராக்கோ ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர விண்ணப்பித்தது. நீங்கள் ஐரோப்பிய நாடு அல்ல என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜிப்ரால்டர் நீரிணை குறுகிய இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர்தான். அதே ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் செயுத்தா, மெலில்லா இரண்டும் ஸ்பெயினுடையவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கின்றன. சைப்ரஸ் துருக்கிக்குத் தெற்கே இருக்கிறது, ஐ.நா. புள்ளிவிவரப் பட்டியலில் மேற்கு ஆசியா, ஆனால் 2004 முதல் ஒன்றிய உறுப்பினர். தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவில் செல்லும் பணம் யூரோ. ‘ஐரோப்பிய நாடுகள் விண்ணப்பிக்கலாம்’ என்று ஒரு வரி சட்டத்தில் இருந்தால், ஐரோப்பா எது என்பது பாடநூல் கேள்வியாக இருப்பது நின்றுவிடுகிறது. கதவைத் திறப்பதா சாத்துவதா என்ற கேள்வியாகிவிடுகிறது.

சும்மாவந்தவன்:
ஐ.நா.வே உட்கார்ந்து ஒரு முடிவு சொல்லக்கூடாதா? 2006இல் புளூட்டோவை நீக்கினார்களே, அந்த மாதிரி.

பழங்கணக்கு:
வானியலாளர்களுக்கு ஒரு சர்வதேசச் சங்கம் இருக்கிறது, கூடினார்கள், வாக்களித்தார்கள். புளூட்டோ எதிர்த்து வழக்குப் போடவில்லை. கடல்களுக்குக்கூட ஓர் அமைப்பு இருக்கிறது. சர்வதேச நீர்ப்பரப்பியல் நிறுவனம் 1953இல் வெளியிட்ட பதிப்பில் எந்தக் கடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முனை முனையாக வகுத்திருக்கிறார்கள். கண்டங்களுக்கு அப்படி ஒரு சபை கிடையாது. ஐ.நா.வின் பட்டியல் இருக்கிறது, ஆனால் அது புள்ளிவிவர வசதிக்கு மட்டும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அதில் ரஷ்யா முழுவதும் கிழக்கு ஐரோப்பா, பசிபிக் கரையில் இருக்கும் விளாதிவஸ்தோக் உட்பட. நாட்டைப் பாதியாக வெட்டினால் கணக்கெடுக்க முடியாது, அதனால் வெட்டவில்லை.

பிழைதிருத்தி:
எல்லாம் படித்தேன், நன்றி. ஆனால் என் எல்ப்ருஸ் இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. யாராவது காக்கசஸ் பக்கம் வாருங்களேன்.

மலையேறி:
வந்துவிட்டேன். எங்கள் கூட்டத்தில் இது பழைய சண்டை.

அங்கே இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று காக்கசஸ் முகட்டின் நீர்ப்பிரிமேடு, அதாவது ஆறுகள் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் வரி. இதன்படி எல்ப்ருஸ் ஐரோப்பா, ஏனென்றால் அது பிரதான முகட்டிலிருந்து வடக்கே தள்ளி நிற்கிறது. அதன் பனி உருகி ஓடும் குபான் ஆறு வடக்கே வளைந்து அசோவ் கடலில் விழுகிறது. இன்னொரு கோடு இன்னும் வடக்கே, குமா-மனிச் தாழ்நிலம். இதன்படி காக்கசஸ் முழுவதும் ஆசியா, ஐரோப்பாவின் உச்சி ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க், 4,800 மீட்டர் சொச்சம். 1958இல் சோவியத் புவியியல் சங்கம் பாடநூல்களுக்குப் பரிந்துரைத்தது இந்த இரண்டாவது கோட்டைத்தான். யூரலின் கிழக்கு அடிவாரம், எம்பா ஆறு, பிறகு குமா-மனிச். உங்கள் ஆசியா பக்கம் வரைந்தவர் அந்த மூலத்திலிருந்து எடுத்திருப்பார்.

மனிச் தாழ்நிலம் சும்மா கற்பனைக் கோடு அல்ல. அதன் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்துக்கு மேல் 30 மீட்டருக்குள்தான். காஸ்பியன் நிரம்பி வழிந்த காலங்களில் தண்ணீர் அந்த வழியாகத்தான் கருங்கடல் பக்கம் ஓடியது. அப்போது வந்திருந்தால் ஓவியர் நீலத்தால் கோடு போட்டிருக்கலாம். இப்போது போனால் புல்வெளியும் உப்பு ஏரிகளும்தான்.

ஏழு கண்ட உச்சிகள் என்ற சாதனைக்கும் இதே தலைவலி. 1985இல் டிக் பாஸ் முடித்தபோது ஆஸ்திரேலியாவுக்காக அவர் ஏறியது கோஸியஸ்கோ, 2,228 மீட்டர், ஏறத்தாழ நடைப்பயணம். இத்தாலிய மலையேற்ற வீரர் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் அதை ஒப்பவில்லை. நியூ கினியாவின் புன்சாக் ஜெயாதான் சரி என்றார், 4,884 மீட்டர், செங்குத்துப் பாறை. அந்தப் பட்டியலை 1986இல் முதலில் முடித்தவர் பேட் மாரோ. சிலர் வம்பே வேண்டாம் என்று இரண்டையும் ஏறிவிடுகிறார்கள். மோன் பிளாங்க்கையும் சேர்த்து ஒன்பது ஏறியவர்களும் உண்டு. கண்ட எல்லை தகராறுக்காக முழங்காலைத் தேய்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பிழைதிருத்தி:
மலையேறி சார், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்போ எந்தக் கோடு?

கல்லுடைப்பவர்:
என்னைக் கேட்டால் கோடே வேண்டாம். யுரேசியா என்று ஒரே நிறம் அடியுங்கள்.

நான்காம்திசை:
அப்படிச் செய்தால் குழந்தைக்கு ஐரோப்பா என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்றே தெரியாது. செய்தித்தாளில் தினமும் வரும் பெயர். ரஷ்யர்களைப் போல இரண்டையும் சொல்லலாம். நிலம் ஒன்று, உலகப் பகுதி இரண்டு. எட்டு வயதுக் குழந்தைக்கு இது புரியும், பெரியவர்களுக்குத்தான் கஷ்டம்.

பழங்கணக்கு:
காக்கசஸ் முகட்டையே வையுங்கள், இன்று பெரும்பாலான அட்லஸ்களில் அதுதான். ஆனால் திடக்கோடு போடாதீர்கள். திடக்கோட்டைப் பார்த்தால் அங்கே வேலி இருப்பதாகக் குழந்தை நினைத்துக்கொள்ளும்.

பிழைதிருத்தி (இரண்டு நாள் கழித்து):
முடிவு சொல்ல வந்தேன். ஓவியரோடு உட்கார்ந்து பேசினேன். புள்ளிக்கோடு என்றதும் அவர், “கோடு புள்ளியாக இருக்கலாம், நிறம் புள்ளியாக இருக்க முடியாதே, பச்சை எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குவது?” என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் இரண்டு பக்கங்களிலும் ஒரே இளம்பழுப்பு நிறம், காக்கசஸ் முகட்டில் ஒரு புள்ளிக்கோடு, மனிச்சில் அதைவிட மெல்லிய இன்னொன்று. எல்ப்ருஸ் நடுவில். பெட்டிச் செய்தியை இப்படி மாற்றினேன்: ‘காக்கசஸ் முகட்டை எல்லையாகக் கொண்டால் ஐரோப்பாவின் மிக உயரமான சிகரம் எல்ப்ருஸ். மனிச் தாழ்நிலத்தை எல்லையாகக் கொண்டால் மோன் பிளாங்க்.’

பதிப்பாளர் படித்துவிட்டு, குழந்தைகள் குழம்ப மாட்டார்களா என்று கேட்டார். அவருடைய எட்டு வயதுப் பேத்தி பக்கத்தில் இருந்தாள். இரண்டு கோடுகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ரெண்டுக்கும் நடுவுல இருக்கறவங்க எந்த கண்டம்?” என்று கேட்டாள். பதிப்பாளர் என்னைப் பார்த்தார், நான் ஓவியரைப் பார்த்தேன்.

மலையேறி:
பேத்திக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

பிழைதிருத்தி:
அவங்களைத்தான் கேக்கணும் என்றேன். அவள் ஒப்புக்கொண்டாள், பெட்டிச் செய்தி தப்பித்தது. இப்போது கடைசிப் பக்கத்து அட்டவணையில் நிற்கிறேன். ஐரோப்பாவின் பரப்பளவு 1 கோடி சதுர கிலோமீட்டர் என்று இருக்கிறது. எந்தக் கோட்டின்படி என்று மூல ஆசிரியர் சொல்லவில்லை. ‘சுமார்’ சேர்த்தேன். கட்டத்தில் இடம் போதவில்லை, எழுத்தைச் சிறிதாக்கட்டுமா கட்டத்தைப் பெரிதாக்கட்டுமா என்று ஓவியர் கேட்கிறார். பெரிதாக்கச் சொல்லியிருக்கிறேன், ஆசியாவுக்கும் தேவைப்படும்.